எப்பவுமா டீச்சரும் முழு மார்க் வாங்கிய யாழினியும்

செஞ்சி தாலுகாவில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை நிம்மதியாகத் திட்ட முடியாதபடி செய்தவர் எப்பவுமா டீச்சர் ஒருவர்தான். கோட்டை கட்டி ஆண்டவர்களுக்குக்கூட அந்த அதிகாரம் இருந்திருக்காது.

பேருந்து நிலையத்தில் யாராவது, "இந்த அவலூர்பேட்டை பஸ் எப்பவுமே லேட்டுப்பா" என்று சலித்துக்கொண்டால் போதும். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"எப்பவுமா?"

திரும்பினால் டீச்சர் நிற்பார். "போன வாரம் டயத்துக்கு வந்துச்சே, அன்னைக்கு நீங்க இருந்தீங்களா? லேட்டா வந்தத யாரு யாரு பாத்தது?" மனிதர் பக்கத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவார். அந்த ஆட்டோவை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். டீச்சர் நிற்கிற நாளில் எனக்கு சவாரிக்குப் பஞ்சமே இருக்காது.

நான் எந்த ஊரிலும் நிலைத்தவன் இல்லை. ஏழாம் வகுப்பில் கையில் டி.சி. கொடுத்தார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாரி ஏறினேன். கிளீனர் வேலை, பெங்களூரில் ஓட்டல் பாத்திரம், கேரளாவில் செங்கல் சூளை என்று சுற்றிவிட்டு, மஞ்சள் காமாலை வந்த உடம்போடு செஞ்சிக்கு வந்து இன்னொருவருடைய ஆட்டோவை ஓட்டினேன். ஆட்டோ ஓனருக்குக் கோபம் வந்தால் தெருவே கேட்கும். ஒருநாள், "இந்தப் பையன் எப்பவும் வண்டிய தொடைக்கவே மாட்டான்!" என்று கத்தினார். உள்ளே உட்கார்ந்திருந்த டீச்சர் தலையை நீட்டி, "எப்பவுமா?" என்றார். ஓனர் யோசித்தார். "ஆயுத பூஜைக்குத் தொடைச்சான்" என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து நான் டீச்சர் கட்சி. அவர் போகிற இடத்துக்கெல்லாம் என் வண்டிதான்.

டீச்சருடைய வேலையே அதுதான். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் போவார். ஒரு பிள்ளை அடங்கவில்லை, அடிக்கிறது, ஓடுகிறது என்று புகார் வந்தால் ஒரு படிவத்தை நீட்டுவார். அடிக்கிறதா, கத்துகிறதா, பொருளை உடைக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு கட்டம். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், சில நேரம் என்றால் ஒன்று, அடிக்கடி என்றால் இரண்டு, எப்போதும் என்றால் மூன்று. வாத்தியார் ஒன்று நிரப்ப வேண்டும், பெற்றவர் ஒன்று நிரப்ப வேண்டும். கூட்டுத்தொகை ஏற ஏறப் பிள்ளைக்குச் சிக்கல் அதிகம் என்று அர்த்தம்.

டீச்சர் அதோடு விடமாட்டார். தானே போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். நடவுக்குப் போகிற பெண்கள் மாதிரி சேலைக்கு மேல் ஒரு ஆம்பளைச் சட்டை. இரண்டு பக்கமும் பெரிய பாக்கெட். இடது பாக்கெட் நிறையப் புளியங்கொட்டை. பிள்ளை ஒரு அடி அடித்தால் ஒரு கொட்டை வலது பாக்கெட்டுக்கு மாறும். தொண்டூர் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வயிற்றில் ஏதோ வியாதி, அதற்குப் புளியங்கொட்டை வைத்தியம் என்றே நம்பினார்கள்.

கோட்டையடிவாரக் குரங்குகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. "இந்தக் கொரங்குங்க எப்பவும் புடுங்கித் தின்னும் மேடம், பைய உள்ள வையுங்க" என்றேன். வாயை விட்டேனே தவிர வேறு தப்பு செய்யவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, பிஸ்கட் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். முதல் குரங்கு பார்த்துவிட்டுப் போனது. இரண்டாவது முகர்ந்துவிட்டுப் போனது. மூன்றாவது பாக்கெட்டோடு அவருடைய கண்ணாடியையும் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. அங்கேயிருந்து டீச்சரைப் பார்த்துக் கண்ணாடியை நக்கியது.

"பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். மூணுல ஒண்ணு. சில நேரம்" என்றார், எதுவும் தெரியாத கண்ணோடு.

இப்படிப்பட்டவரிடம்தான் யாழினி விவகாரம் வந்து சேர்ந்தது.

யாழினி மூன்றாம் வகுப்பு. திருவண்ணாமலைச் சாலைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளி. அப்பா இல்லை. அம்மா செல்வி, மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை கூட்டி அள்ளுகிற வேலை. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். யாழினியிடம் அடி வாங்காத பிள்ளை வகுப்பில் இல்லை. அந்த வகுப்புக்குப் பாடம் எடுப்பவரும் ஹெட்மாஸ்டர்தான். அவர் அவளுக்கு டி.சி. எழுதி மேசைமேல் வைத்துவிட்டார். திண்டிவனம் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஆஸ்டலோடு ஒரு பள்ளி இருக்கிறது, அங்கே அனுப்பிவிடலாம் என்பது அவர் யோசனை. அதற்கு டீச்சரின் கையெழுத்து வேண்டும்.

அவர் நிரப்பிய படிவத்தை டீச்சர் பார்த்தார். கட்டம் கட்டமாக டிக் அடிக்க மெனக்கெடாமல், "எப்போதும்" என்ற வரிசையில் மேலிருந்து கீழே அடிக்கோல் வைத்து ஒரே கோடு இழுத்திருந்தார்.

"எப்பவுமா சார்?"

"எப்பவும்தான்."

"தூங்கறப்பகூடவா?"

"மேடம், என்ன விடுங்க. பெத்தவளே இன்னா போட்டிருக்கா பாருங்க" என்று செல்வியின் படிவத்தை நீட்டினார். அதிலும் எல்லாவற்றுக்கும் மூன்று. கூட்டினால் அதற்குமேல் போக இடமே இல்லை. டீச்சர் அதற்கு 'எப்பவுமா' கேட்கவில்லை. இரண்டு படிவத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஆனால் வண்டியில் ஏறியதும், "கமிட்டிக்கு உடு" என்றார்.

கமிட்டியில் ஒரே தூசி. டீச்சர் நேராகப் போய் மல்லாட்டைக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி, "யம்மா, சரக்கு மேல ஒக்காராதம்மா!" என்று அலறினார். அது அவர் காதில் விழவில்லை.

"செல்வி, எல்லாத்துக்கும் மூணு போட்டிருக்கியே, இன்னா இது?"

செல்வி துடைப்பத்தை வைத்துவிட்டுப் பெருமையாகச் சிரித்தாள். "ஆமா மேடம். கொறைச்சலா போட்டா ஃபெயிலாக்கிடுவாங்கன்னு முழு மார்க் போட்டுட்டேன்."

"'மத்த புள்ளைங்கள கடிக்கிறாள்.' இதுக்குமா முழு மார்க்?"

"அது ஒண்ணுல மட்டும் ஏன் கொறைப்பானேன்? பெத்தவ நானே மார்க்க கொறைச்சா, வேற எவ மேடம் போடுவா?"

டீச்சர் படிவத்தை விளக்கினார். செல்வியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ நானேதான் எம்புள்ளய ஆஸ்டலுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் குடுத்துட்டனா? அது இல்லாத ஊட்டுல எனக்கு இன்னா வேலை? யாருக்காக இந்தத் தூசியத் தின்னுக்கினு கெடக்கறேன்?"

"எழுந்துரு. மறுபடியும் போடலாம். நான் படிக்கிறேன், நீ சொல்லு."

அடுத்த சில நாள் டீச்சர் அந்த வகுப்பை விட்டு நகரவில்லை. அனந்தபுரம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை. மேலதிகாரி போனில் கத்தினார், போனைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டு மூடினார். நான் ஜன்னலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு பார்ப்பேன். புளியங்கொட்டை இடமிருந்து வலம் போவதைவிட டீச்சரின் வாய் மெல்வதுதான் அதிகமாக இருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

பிறகு ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் செல்வி, புடவை முந்தானையில் இன்னும் தூசி. நான் கதவோரம்.

"யாழினி அடிக்குது சார். இல்லன்னு சொல்லல" என்று ஆரம்பித்தார் டீச்சர். "ஆனா கிளாஸ்ல ஒக்காந்திருக்கறப்ப அடிக்கல. வெளையாடறப்ப அடிக்கல. சாப்பாட்டு வரிசையில, தட்டு கழுவற வரிசையில, பின்னாடி இருக்கற புள்ள தள்ளுனா மட்டும் திரும்பி ஒண்ணு உடுது. வரிசையில கடைசியா நிக்க வைங்க. பின்னாடி ஆளே இருக்காது."

"அவ்ளோதானா? அதுக்கா நான் நாள் பூரா கத்திக்கினு இருக்கறேன்?"

"நீங்க கத்தனதுக்கும் ஒரு கணக்கு வச்சிருந்தேன் சார். ஒரு கத்தலுக்கு ஒரு மல்லாட்டை."

ஹெட்மாஸ்டர் முகம் வெளுத்தது. "எ... எவ்ளோ வந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? பசிச்சுது, அப்பப்பவே தின்னுட்டேன்."

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெட்மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். மேசையில் கிடந்த அடிக்கோலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒவ்வொண்ணா படிச்சுப் போடுங்க சார். நான் எங்கயும் போகல."

மனிதர் பேனாவை எடுத்தார். மணி அடித்தது, பிள்ளைகள் வெளியே ஓடின, திரும்பி வந்தன. அவர் இன்னும் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியில் பேனா நின்றது. காரணமில்லாமல் அழுகிறாளா என்பது அந்தக் கேள்வி.

"மேடம், அது அழுது நான் பாத்ததே இல்ல" என்றார் மெதுவாக. "அத்தினி தடவ வெளிய நிக்க வச்சிருக்கறேன். ஒரு நாள்கூட அழுவல."

அவர் பூஜ்யத்தில் டிக் போட்டார். மிச்சத்தையும் முடித்தார். பிறகு மேசைமேல் இருந்த டி.சி.யைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். செல்வி கூடையை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுந்தாள்.

யாழினி அடிப்பதை நிறுத்திவிட்டாள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். மூன்று ஒன்றானது, அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே சாப்பாட்டு வரிசையில் அவளைக் கடைசியில் நிறுத்தினார்கள். டீச்சர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். வரிசை நகர்ந்தது. யாழினி ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் வெயில்தான் இருந்தது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"போலாமா மேடம்? அனந்தபுரத்துல காத்துக்கினு இருக்காங்க."

வண்டியில் ஏறினார். கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, பையைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிப்போயிருந்தார். சாலையோரம் ஒரு புங்கமர நிழலில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். இறங்கிப் போய் சாலையில் நின்று, வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம், "அண்ணே, ஹாரன் அடிக்காத போண்ணே" என்று கைகாட்டிக்கொண்டிருந்தேன்.