அத்தானின் எண்பத்து மூன்று சதவீதம்

அன்பும் கோபமும் குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீங்கள் நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆகவே நலம் விசாரிப்பு முடிந்ததாக எடுத்துக்கொள். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். நேரில் வந்து மணியை அடித்தால் கதவுக்குப் பின்னால் நீ மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கிறது. நேற்று பக்கத்து வீட்டு அம்மாவிடம், "என் புருஷனைக் காப்பாத்தலைன்னா எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாதுன்னு சொல்லிடுங்க" என்று சொல்லி அனுப்பினாய். அந்த அம்மா அதை இரண்டு தடவை சொன்னார், ஒரு தடவை அழுதுகொண்டே. அதனால்தான் கடிதம். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

நடந்ததை முழுசாக உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஒரு டிஜிட்டல் களஞ்சியம் தொடங்கினார்கள் அல்லவா, அதில் ஸ்கேன் எடுக்கும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரே அத்தான்தான். நூலகத்துக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை, இரண்டு ஸ்கேனர், நான். மூவரில் ஒருவர் எப்போதும் ரிப்பேர். ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாக வைத்து எடுத்து, தலைப்பு, எழுதியவர் பெயர், வருஷம் எல்லாம் தட்டி, பட்டனை அமுக்கினால் ஏறிவிடும். மூவாயிரம் ஆய்வேடு ஏற்றினேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை, அதனால் நிம்மதியாக இருந்தேன். போன மாதம் கடைசி அலமாரியைக் காலி செய்தபோது, பின்னால் சொருகி வைத்திருந்த ஒரு ஆய்வேடு கையில் வந்தது. டைப் அடித்தது. அட்டையில் பென்சிலால் "பட்டம் வழங்கப்படவில்லை, மாணவர் இறந்துவிட்டார்" என்று தேதி போட்டு எழுதியிருந்தது. நூலகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் டீ கிளாஸிலிருந்து தலையைத் தூக்காமல், "அட்டை இருக்குல்ல? ஏத்து" என்றார். ஏற்றிவிட்டேன்.

ஆற்றுப் பாலங்களின் தூண்களைச் சுற்றித் தண்ணீர் எப்படி மண்ணை அரித்துக்கொண்டு போகிறது என்பது பற்றிய ஆய்வு அது. அத்தான் டாக்டர் பட்டம் வாங்கியதும் இதே அரிப்பில்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. களஞ்சியத்துக்கு உறைத்துவிட்டது. புதிதாக எதை ஏற்றினாலும் உள்ளே இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு அதில் உண்டாம். எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டும் எண்பத்து மூன்று சதவீதம் ஒன்று என்று கண்டுபிடித்து, கையோடு துறைத் தலைவருக்கு மெயிலும் அனுப்பிவிட்டது. துறைத் தலைவர் அத்தான்.

அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக என் அறைக்கு இறங்கி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மச்சான், அந்த ஃபைலைத் தூக்கிடு" என்றார். எதற்கு என்று கேட்டேன். ஸ்கேனர் மூடியைத் தூக்கிப் பார்த்து மூடினார். பிறகு சொன்னார்: "அவன் என் ரூம்மேட். மூணு நாள் காய்ச்சல், போயிட்டான். அவங்க வீட்டுல கொடுத்துடுன்னு எங்க புரொஃபசர் இதை என்கிட்ட கொடுத்தாரு. நான் கொடுக்கலை. லைப்ரரி அலமாரிக்குப் பின்னால சொருகிட்டேன்."

"சரி, எடுத்ததுதான் எடுத்தீங்க, அப்பவே கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல அத்தான்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"முடியலடா. ரொம்ப நல்லா எழுதியிருந்தான்."

அக்கா, நான் என்ன செய்வேன்? வேலை வாங்கிக் கொடுத்த மனுஷர், உன் கழுத்தில் தாலி கட்டினவர். அழிக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். களஞ்சியத்தில் எதையும் அழிக்க முடியாது, மறைக்கத்தான் முடியும், அதற்கும் நூலகர் கையெழுத்து வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. அந்தப் பட்டனை இந்தப் பட்டனை அமுக்கிப் பார்த்ததில், மூலையில் கிடந்த ஆய்வேடு "இந்த வாரச் சிறப்பு" என்று முதல் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது, அதைக் கீழே இறக்கத் தெரியாமல், சரி, வருஷத்தையாவது மாற்றுவோம், அத்தானுடையதற்கு மூன்று வருஷம் பின்னால் போட்டால் செத்தவன்தான் இவரைப் பார்த்து எழுதினான் என்று ஆகிவிடும் என்று மூளையை உபயோகித்தேன், அட்டையில் அவன் செத்த தேதி இருப்பதையும் அந்த அட்டையை நானே பளிச்சென்று ஸ்கேன் எடுத்து வைத்திருப்பதையும் மறந்துவிட்டேன். செத்து நாலு வருஷம் கழித்து ஒருத்தன் ஆய்வேடு சமர்ப்பித்திருக்கிறான் என்று மறுநாளே மாணவர்கள் அதைப் போனில் ஆளுக்கு ஆள் அனுப்பிச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் சும்மா இருந்தார்களா, அத்தானுடையதோடு பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படித்துப் புகாரும் கொடுத்துவிட்டார்கள். இதில் எழுதியவரின் மெயில் விலாசம் கட்டாயம் என்று கேட்டதால் என்னுடையதைப் போட்டுத் தொலைத்திருந்தேன். தினமும் காலையில் எனக்கு வாழ்த்து வருகிறது: "உங்கள் ஆய்வேட்டை இதுவரை நாலாயிரம் பேர் படித்துள்ளனர்." பள்ளி இறுதித் தேர்வையே மூன்று தடவை எழுதியவன் நான்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு கேட்கவில்லை. அத்தான் நன்றியுரையைக்கூட விட்டுவைக்கவில்லை. "என்னைப் படகில் ஏற்றி நடு ஆற்றுக்குக் கொண்டுபோய், கயிறு விட்டு ஆழம் பார்க்கக் கற்றுக்கொடுத்த என் தந்தைக்கு" என்று இருக்கிறதே, கல்யாணமான புதிதில் நீ எல்லோருக்கும் படித்துக் காட்டிக் கண் கலங்குவாயே, அது அந்தப் பையனுடைய அப்பா. உன் மாமனார் கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர். ஆற்றை அவர் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்.

போகட்டும். திங்கட்கிழமை விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. நீ கவலைப்படாதே. ராத்திரி பகலாக யோசித்து முடிவு செய்துவிட்டேன். ஸ்கேன் எடுக்கும்போது இரண்டு ஆய்வேடும் கைதவறிக் கீழே விழுந்தன, பக்கங்கள் கலந்துவிட்டன, அத்தானுடைய பக்கங்கள் தவறிப்போய் அந்தப் பையன் ஃபைலில் சேர்ந்துவிட்டன, எல்லாம் என் தப்பு என்று சொல்லப்போகிறேன். நம்புவார்கள். என்னைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். என் வேலை போகும், போனால் போகிறது. அத்தானை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொல். உன் வீடு உனக்கு, உன் புருஷன் உனக்கு. தம்பி என்று ஒருத்தன் உண்டு என்பதை மட்டும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் திருத்திச் சொல்லிவிடு.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திங்கட்கிழமை விசாரணைக்குப் போய்விட்டேன். அறைக்கு வெளியே பெஞ்சில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பையனின் தங்கை. குழு வரச்சொல்லியிருக்கிறது. "அண்ணன் எழுதினதை ஏத்தினது நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நான்தான் டைப் அடிச்சேன் சார். இருநூத்திப் பத்துப் பக்கம். ஒரு பக்கத்துல தப்பு வந்தா மறுபடி முழுசும் அடிக்கச் சொல்வான், கை வலின்னு அழுவேன். செத்ததுக்கு அப்புறம் அது எங்கே போச்சுன்னே தெரியலை. இப்ப அவன் பேரைத் தட்டினா வருது சார்" என்று போனை எடுத்துக் காட்டினார். காட்டிவிட்டு, "இதை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுத்தபோது பக்கங்கள் ஏதாவது கலந்துவிட்டனவா என்று கேட்டார்கள். "இல்லைங்க, ஒழுங்காத்தான் எடுத்தேன்" என்றேன். வருஷத்தை மாற்றியது நான்தான் என்பதையும் சொன்னேன். ஆகவே மேலே எழுதியதில் நான் செய்வதாகச் சொன்ன எதையும் செய்யவில்லை, அக்கா. அடுத்து அத்தான் போனார். இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்து, "நான் ஆமான்னு சொல்லிட்டேன். உங்க அக்காகிட்ட நீ சொல்லிடு மச்சான், எனக்குத் தெம்பு இல்ல" என்றார். அதனால் தபாலுக்குக் காத்திராமல் உன் கதவிடுக்கில் இதைச் சொருகிவிட்டுப் போகிறேன். அவர் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. படித்து முடித்ததும் வந்து கூட்டிக்கொண்டு போ.