பெருமூச்சு ரசிகர்

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியின் வாயிலிருந்து ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

துப்பு அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த காப்பி தளும்பிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. சூடு உறைக்கவில்லை. மனைவி முதலில் ‘ம்ம்ம்’ என்று இழுத்தாள். பிறகு ‘ஹா’ என்று மூச்சை விட்டாள். அதற்கப்புறம், சரியான இடத்தில், ஒரு மயிரிழை பிசகாமல் ‘கிரீச்’ என்றாள். ஒன்றுமே நடக்காதது போலக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

சாதாரண ஆளாக இருந்தால் இதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார். நம்மவர் மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளர். நசுங்கிய காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும், லாரி காரை இடித்ததா, கார் லாரியை இடித்ததா, இல்லை சொந்தக்காரரே சுத்தியலை எடுத்து இடித்தாரா என்று சொல்லிவிடுவார். ‘துப்பு’ என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வீட்டில் அதே பெயரோடு இன்னொரு சொல்லையும் சேர்த்துச் சொல்வது உண்டு. அது நமக்கு வேண்டாம்.

நாற்காலி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஓர் அக்கார்டியன் கலைஞர் இருக்கிறார். ரசிகர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பெருமூச்சு. அவர் ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அடுத்த சுரத்துக்கு வருவதற்குள் நீங்கள் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்துவிடலாம். நடுவில் துருத்தி மூச்சு விடும் சத்தம் மட்டும் வரும். அந்த மூச்சுதான் இசை என்பது ரசிகர்களின் கட்சி. மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில், நீளமான ஒரு மூச்சு முடிகிற இடத்தில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரே ஒரு தடவை கிரீச்சிடும். அந்தக் கிரீச்சுக்காகத்தான் ரசிகர்கள் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரையே சலித்தாலும் பதினேழு பேர் தேறுவார்கள்.

அந்தப் பதினேழு பேரைப் பற்றி உலகம் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. தாடி, ஜோல்னாப் பை, கசங்கிய சட்டை. கல்யாணம் ஆகியிருக்காது, ஆகியிருந்தால் நிலைத்திருக்காது. மழை பெய்தால் ஜன்னலோரம் போய் நின்று கண் கலங்குவார்கள். யாராவது ‘நல்ல பாட்டு’ என்று சொல்லிவிட்டால் ‘முதல் பதிப்பைக் கேட்டதுண்டா?’ என்று கேட்டு வாயை அடைப்பார்கள். இந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றே துப்பு தினமும் மழமழவென்று ஷேவ் செய்துகொள்வார். தோல் பை வைத்திருப்பார். மழை பெய்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். முதல் பதிப்பு விஷயத்தில் மட்டும் அவரால் தன்னை அடக்க முடிந்ததில்லை.

ரசிகர்களும் தங்கள் பங்குக்கு ஒரு முடிவு வைத்திருந்தார்கள். பெருமூச்சைப் பெண்கள் கேட்க மாட்டார்கள். இதற்குத் துப்பு வீட்டிலேயே சாட்சி இருந்தது. மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். பல்லைத் துளைக்கும் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு சிரித்த முகமாக இருப்பவள். அவளே, கல்யாணமான புதிதில் ஸ்பீக்கரில் பெருமூச்சைப் போட்டுக் காட்டியபோது பாதியில் எழுந்துவிட்டாள்.

“பெருமூச்சு விடறதுக்கு அவரு. அதைக் கேட்டுப் பெருமூச்சு விடறதுக்கு நீங்க. உங்களைப் பாத்துப் பெருமூச்சு விடறதுக்கு நான். வீட்ல காத்து பத்தாதுங்க.”

அன்றோடு ஸ்பீக்கர் பரணுக்குப் போனது. துப்பு ஹெட்போனுக்கு மாறினார். மூன்றாவது ஆல்பம் வெளிவந்ததே அதற்குப் பிறகுதான். ஆக, அந்த வீட்டில் அந்த நாற்காலி ஒரு நாளும் வாய்விட்டுக் கிரீச்சிட்டதில்லை. அப்படியென்றால் இவளுக்கு எப்படித் தெரியும்?

“என்ன பாட்டு அது?” என்று கேட்டார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

“எது?”

“இப்பப் பாடினியே.”

“நானா? பாடினேனா? ஏதோ வாயில வந்திருக்கும்.”

வாயில் வருவதற்கு முன்னால் காதில் விழுந்திருக்க வேண்டும். காதில் போட்டவன் ஒருவன் இருந்தாக வேண்டும். எவனோ ஒருவன் தன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்பதுகூட இரண்டாம் பட்சம். இத்தனை வருஷம் தலைகீழாக நின்றும் தன்னால் பிடிக்க வைக்க முடியாத பெருமூச்சை எவனோ இவளுக்குப் பிடிக்க வைத்துவிட்டானே, அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஒர்க் ஷாப்பில், முன்பக்கம் அப்பளமாகிப் போன ஒரு வேனில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தார். பதினேழு பேருக்கும் போனில் ஒரு குழு உண்டு. எல்லாருக்கும் புனைபெயர்தான், யாரும் யாரையும் பார்த்ததில்லை. அதில் எல்லாரும் கைகட்டி நிற்பது ‘நாற்காலி’ என்ற பெயரில் எழுதும் ஒருவருக்கு முன்னால். குழுவில் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் பெருமூச்சு தொண்டையைச் செருமுகிறார் என்பது வரைக்கும் ஐயாவுக்கு அத்துப்படி. நரைத்த தாடி மார்பு வரை தொங்கும் என்று துப்பு மனதுக்குள் அவரை வரைந்தே வைத்திருந்தார். ‘கை தண்ணீரில் இருக்கும்போதுதான் மூச்சு உள்ளே இறங்கும்’ என்று கண்டுபிடித்துச் சொன்னதும் ஐயாதான். அன்றிலிருந்து துப்பு தினமும் சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டுதான் பெருமூச்சு கேட்கிறார். உண்மையிலேயே உள்ளே இறங்கியது. மனைவியும் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

ஐயாவுக்குத் தனியாக எழுதினார். ‘எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இசையே பிடிக்காத ஒரு பெண்மணி நாற்காலியைத் துல்லியமாகப் பாடுகிறார், இதற்கு என்ன பொருள்?’ உடனே பதில் வந்தது. ‘நல்ல காது என்று பொருள், அன்பரே.’ எங்கே கேட்டிருப்பார் என்று துப்பு மறுபடி கேட்டார். மிக அருகிலிருந்துதான் கேட்டிருப்பார் என்று பதில்.

மிக அருகில் என்றால் மாடி வீடு. மாடி வீட்டில் ஓவிய வாத்தியார். தாடி. ஜோல்னாப் பை. கசங்கிய சட்டை. கல்யாணம் ஆகவில்லை. துப்புவுக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. இத்தனை நாள் கண்ணெதிரே படியேறி இறங்கிக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அன்று மாலையே படிக்கட்டில் வாத்தியாரை மடக்கினார். வெயில், தண்ணீர் வரும் நேரம் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பாட்டுக்கு வந்தார்.

“பாட்டெல்லாம் கேப்பீங்களா?”

“ஜிம்ல போடுவாங்களே சார், நெஞ்சுல வந்து அடிக்கிற மாதிரி. அது மட்டும்தான்.”

துப்பு தாடியையே உற்றுப் பார்த்தார். ஷேவ் செய்தால் முகமெல்லாம் பொரிப்பொரியாக வருகிறது என்று வாத்தியார் தானாகவே சொன்னார். துப்புவின் கண் ஜோல்னாப் பைக்கு இறங்கியது. வாத்தியார் அதைத் திறந்து காட்டினார். உள்ளே உடம்பு தேற்றும் மாவு டப்பாவும் வியர்வைத் துண்டும் இருந்தன. அக்கார்டியனைப் பற்றிக் கேட்டால் அது மாத்திரையா என்றார். மனிதர் நடிக்கவில்லை என்பதை மதிப்பீட்டாளரின் கண் ஒப்புக்கொண்டது. ஏமாற்றத்தோடு இறங்கத் திரும்பியவரை வாத்தியார் கூப்பிட்டார்.

“தப்பா நினைக்காதீங்க சார். உங்க வீட்லேர்ந்து தினமும் ஒரு சத்தம் வருது. துருப்பிடிச்ச கதவுன்னு நினைச்சேன். எண்ணெய் விட்டாச் சரியாயிடும்.”

“எப்ப வரும்?” துப்பு இறங்கிய படியில் மறுபடி ஏறினார்.

“சாயங்காலம். பாத்திரம் தேய்க்கிற சத்தத்தோட சேந்து வரும்.”

துப்பு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பாத்திரம் தேய்ப்பது அவர். அப்போது அவர் காதில் ஹெட்போன். இடி விழுந்தாலும் கேட்காது. அந்தச் சமயம் பார்த்து எவனோ கூடத்தில் வந்து உட்கார்ந்து மனைவிக்குப் பாடிக் காட்டுகிறான். தான் சமையலறையில் இருக்கும்போதே. தான் தேய்த்து வைத்த டம்ளரில் காப்பிகூடக் குடித்துவிட்டுப் போயிருப்பான்.

அன்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார், பாட்டைப் போடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தார். கூடத்தில் பேச்சுமூச்சு இல்லை. கொஞ்ச நேரத்தில் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஏன் கேக்கறே?”

“ஒண்ணுமில்லை, சும்மாத்தான்.” போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தச் சும்மா அவரைக் குடைந்து எடுத்துவிட்டது. ஆள் மோப்பம் பிடித்து வராமல் இருந்துவிட்டான் என்று தீர்மானித்தார். இதுபோன்ற கேஸ்களில் அவசரப்படக் கூடாது. அடுத்த நாள் போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, கூடத்துச் சோபா மெத்தைக்கு அடியில் செருகினார். பாட்டுக்கு வேறு ஒரு சின்னப் பெட்டி உண்டு, அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு வழக்கம்போலப் பெருமூச்சைப் போட்டார். யாருக்கும் சந்தேகம் வராதபடி அத்தனை பாத்திரத்தையும் அக்கறையாகத் தேய்த்தார்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் கேட்டார். இருந்தான். சந்தேகமே இல்லை. ஓர் ஆண் குரல், மூக்கால், ‘ம்ம்ம்’ என்று இழுத்தது. ‘ஹா’ என்றது. பின்னால் தான் பாத்திரம் தேய்க்கும் சத்தமும் அப்பாவியாகக் கேட்டது. கடைசியில் நாற்காலி வரும் இடத்தில் ‘கிரீச்’ என்றான். அவனோடு சேர்ந்து மனைவியும் ‘கிரீச்’ என்றாள். அதற்குப் பிறகு அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. துப்பு குளியலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வரும் போல இருந்தது. மழை பெய்யாமலேயே.

வெளியே வந்தார். மனைவி மறுநாளுக்கான சட்டையை விரித்துக்கொண்டிருந்தாள். போனை இஸ்திரி மேசையில் வைத்து ஓடவிட்டார்.

“யாரு இது?”

மனைவி கடைசிவரை கேட்டாள். பல் வலி என்று வருகிறவரிடம் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கறேன்?”

“ஆள் எப்படி இருப்பான்னு தோணுது?”

துப்பு தொழில்முறையில் இறங்கினார். “தாடி வச்சிருப்பான். ஜோல்னாப் பை. வேலைவெட்டி இருக்காது. மூக்கால பாடறான். சுருதிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.”

“கல்யாணம் ஆகியிருக்குமா?”

“இந்தக் குரலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

“எங்கப்பா குடுத்தாரே.”

துப்புவுக்குப் புரியவில்லை. அவள் அவர் இடுப்பிலிருந்த பெட்டியைத் தட்டி, ஹெட்போனை எடுத்து அவர் காதில் மாட்டினாள். பெருமூச்சு ஆரம்பித்தார். துப்பு பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார். நல்ல இடம் வரும்போது வெடுக்கென்று ஹெட்போனைப் பிடுங்கினாள். அவர் வாயில் பாதி ‘ம்ம்ம்’ மிச்சம் இருந்தது. கூடத்தில் அது தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஹெட்போன் உங்க காதைத்தாங்க மூடுது. வாயை மூடறதில்லை.”

துப்பு வாயை மூடினார். பதிவை இன்னொரு தடவை ஓடவிட்டார். மாடி வாத்தியாரின் துருப்பிடித்த கதவு தன் தொண்டைதான் என்று ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குள் யாரும் வரவில்லை. அவள் சிரித்தது தன்னைப் பார்த்துத்தான்.

“நீ எதுக்குக் கிரீச்சுன்னே?”

“தினமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆயிடுச்சு. அவரு செருமறது, இருமறது எல்லாத்தையும் விடாமப் பாடறீங்களே. உருப்படியா இருக்கிறது அந்த நாற்காலி ஒண்ணுதான். அது வர்றப்ப நானும் சேந்துக்குவேன்.”

இவ்வளவு அவமானத்துக்குப் பிறகு மனுஷனுக்கு ஆறுதல் தேவைப்பட்டது. தன் போனை எடுத்துக்கொண்டு நேரே சோபாவில் உட்கார்ந்து ஐயாவுக்கு எழுதினார். ‘சுருதி சேராத குரல் உள்ளவன் பெருமூச்சுக்கு உண்மையான ரசிகனாக இருக்க முடியுமா, ஐயா?’ வீட்டிலிருந்து ஐயாவுக்கு எழுதுகிறபோது எப்போதும் காதில் ஹெட்போன் இருக்கும். இன்றைக்கு அது இஸ்திரி மேசையில் கிடந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

இஸ்திரி மேசையில் ‘டிங்’ என்றது.

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தன் போனை எடுத்துப் படித்தாள். இரண்டு கட்டைவிரலாலும் ஏதோ தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். துப்புவின் கையில் போன் அதிர்ந்தது.

‘சுருதி முக்கியமில்லை, அன்பரே. கைதான் முக்கியம். பாத்திரத்தில் தேர்ந்துவிட்டீர்கள். இனி குளியலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். நாற்காலி இன்னும் ஆழமாக இறங்கும்.’

துப்பு அவள் போனைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களைப் பார்த்தார். எந்த வண்டி எந்த வண்டியை இடித்தது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கேட்க வாயைத் திறந்தார்.

“பிரஷ் கதவுக்குப் பின்னால இருக்குங்க,” என்றாள் மனைவி, காலரைத் திருப்பிப் போட்டபடி.