டாக்சி ரேடியோவில் படித்த டொச்

1986 ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, பல் துலக்கி, தேநீர் ஊற்றிக்கொண்டு, ஜெர்மனியின் ஹம் நகரத்து அகதி விடுதி அறையில் டொச் என்கிற ஜெர்மன் மொழி படிக்க உட்கார்ந்தேன். புத்தகம் கிடையாது. பழைய சாமான் சந்தையில் வாங்கிய ரேடியோ ஸ்கேனரில் கேட்கும், டாக்சிகளுக்கு முகவரி சொல்லும் நிலையத்துப் பெண்தான் என் ஆசிரியை. (அதை ஒட்டுக்கேட்பது சட்டவிரோதம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.)

ஸ்கேனரை ஏ.எம்.மில் வைத்தால் வடை பொரியும் சத்தம், எஃப்.எம்.முக்கு மாற்றினால் தேன் குரல். ஒரு வசனம் சொல்வாள். நீண்ட மௌனம். பிறகு “யா, ஃபெர்ஷ்டாண்டன்”, அதாவது “ஆம், புரிந்தது” என்பாள். ஜெர்மன்காரர் இவ்வளவு நிதானமாகத்தான் உரையாடுவார்கள் என்று கண்டுபிடித்தேன். மேதை அல்லவா!

பத்து மணிக்கு ஓர் உணவகத்தில் நேர்முகம். வேலை கிடைத்தால்தான் தனி அறை எடுத்து, கொலோனில் தன் தமக்கை வீட்டில் இருந்த மனைவியைக் கூட்டிவரலாம்.

“பாத்திரம் கழுவத் தெரியுமா?” என்றார் முதலாளி அம்மா.

“தெரியும்” என்றேன். நாகரிகமாக மௌனம் காத்தேன். பிறகு நானே, “யா, ஃபெர்ஷ்டாண்டன்” என்றேன்.

“உடம்பு சரியில்லையா?”

“இல்லை.” மௌனம். “யா, ஃபெர்ஷ்டாண்டன்.”

அம்மா ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, வாசலையும் காட்டினார்.

அறைக்கூட்டாளி சிவம் அண்ணை முன்பு கப்பலில் ரேடியோ இயக்கும் வேலை பார்த்தவர். கதையைக் கேட்டுக் கட்டிலில் உருண்டார்.

“அட விசரா! டாக்சிக்காரன் வேறை அலைவரிசையில பதில் சொல்லுறான். நீ கேட்டது பாதிக் கதையடா!”

“ஏன் அண்ணை முதலே சொல்லேல்லை?”

“நித்திரையிலயும் ‘ஆம், புரிந்தது’ எண்டு புலம்புவாய். கலியாணம் கட்டினவன்தானே, பழக்கமாக்கும் எண்டு விட்டிட்டன்.”

இன்றும் சண்டைக்கு நடுவில் நான் பேசாமல் இருந்தால், மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் கேட்பாள்: “இஞ்சேருங்கோ, மற்ற அலைவரிசையில ஆரோடை கதைக்கிறியள்?”

அந்த நேர்முகத்துக்கு மறுநாள் காலை முதல் வேலையாக அதே உணவகக் கதவைத் தட்டினேன். முதலாளி அம்மா வாய் திறக்குமுன், எனக்குத் தெரிந்த டொச் முழுவதையும் மூச்சு விடாமல் கொட்டினேன். நான் நிறுத்துவதற்காகவே அவர் ஏப்ரனை என் கையில் திணித்து, சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டார்.