ஜன்னலில் மோதிய மூக்கு

தொழிலை ஒழுங்காகச் செய்திருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. இதை என் மாமனாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாரண்டஹள்ளியில் அலுமினிய ஜன்னல் கடை வைத்திருந்தேன். வயது இருபத்தாறு, வாய் நாற்பது. பக்கத்து ஊர்ப் பத்திர ஆபீஸைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். மர ஜன்னல்களைக் கறையான் தின்று தீர்த்திருந்தது. "பழைய களை போகாம மாத்திக் குடுங்க" என்றார் இன்ஜினியர். களையாவது ஒன்றாவது! என் மனதில் ஓசூரில் பார்த்த கம்பெனிக் கட்டடம்தான் இருந்தது. கம்பி கிடையாது, கதவு கிடையாது. திறக்கவே முடியாத, சத்தம் புகாத ரெட்டைக் கண்ணாடி. (யாரும் கேட்கவில்லை. நானாகப் போட்டேன்.)

ஒன்று எனக்கு உறைக்கவில்லை. அந்த ஆபீஸே ஜன்னல் வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பத்திரம் எழுதுகிறவர் வெளியே மரத்தடியிலிருந்து காகிதத்தை உள்ளே நீட்டுவார். டீ உள்ளே போகும், காலி டம்ளர் வெளியே வரும். சாட்சிகள் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பேசிவிட்டுப் போவார்கள்.

திறப்பு நாளன்று கவிதாவின் அப்பா வந்தார். தக்காளி மண்டிக்காரர். எனக்கும் கவிதாவுக்கும் பிடித்துப்போய், எங்கள் வீட்டில் பெண் கேட்டிருந்தார்கள். "பையன் வேலையப் பாத்துட்டு முடிவு சொல்றனுங்க" என்றிருந்தார் மனிதர். அதனால் காலையிலிருந்து நான் உள்ளே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த துடைப்பில் கண்ணாடி இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

வாய் நிறைய வெற்றிலையோடு வந்தவர், இருபது வருஷப் பழக்கத்தில், குமாஸ்தாவிடம் பேச ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

மடார்!

கண்ணாடி முழுக்கச் சிவப்பு. "ஐயோ, ரத்தம்!" என்று குமாஸ்தா நாற்காலியோடு சாய்ந்தார். பெண் கொடுக்க வந்தவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். நல்லவேளை, வெற்றிலைச் சாறுதான். அது வழிந்து இறங்கியதும் பின்னால் அவர் முகம் தெரிந்தது. மூக்கு நாட்டுத் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. வாய் படபடவென்று அசைந்தது, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ரெட்டைக் கண்ணாடியாயிற்றே! பயத்தில் எனக்கு வந்தது ஒரே காரியம், கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிப்பது. அவர் இன்னும் வேகமாக வாயசைத்தார். நான் இன்னும் பணிவாகத் தலையாட்டினேன். கால் மணி நேரம் இப்படியே போயிற்று.

என் கடையில் தொடங்கி என் முப்பாட்டன் வரைக்கும் திட்டினாராம். பக்கத்திலேயே நின்ற பத்திரம் எழுதுகிறவர்தான் பிறகு வரி விடாமல் சொன்னார். போச்சு, கவிதா இனி இல்லை என்று இடிந்துபோய் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் அப்பாவுக்கு போன் வந்தது.

"ஏனுங்க, வாய்க்கு வந்தபடி திட்டிப்புட்டேன். உங்க பையன் சிரிச்ச மொகம் மாறலீங்க. எம் பொண்ணுக்கு வர்ற கோவத்த இவன் ஒருத்தன்தான் தாங்குவான். நாள் பாருங்க."

ஜன்னல்களையெல்லாம் திறக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். கவிதாவிடம் உண்மையைக் கல்யாணமான முதல் வாரமே உளறியும் விட்டேன். இன்றைக்கும் அவள் திட்டும்போது நான் சிரித்தபடி நின்றால் போதும், என் நெற்றியில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, "உள்ள கேக்குதுங்களா?" என்கிறாள்.