பெயர் ஏறாத முப்பத்தெட்டுப் பேர்

ஜமுனாமரத்தூர்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் ஷாஹீனுக்கு, அப்பா அப்துல் கய்யூம் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் மலையில் நானும் சுகம், நீ விட்டுப்போன, இப்போது உனக்குப் பதிலாக நான் உட்காரும் ஆபீஸ் நாற்காலியும் சுகம், அதன் ஒடிந்த கையும் அப்படியே சுகம். உன் சுகத்தையும், பிறக்கப்போகும் குழந்தையின் சுகத்தையும், வாணியம்பாடி வெயிலில் உன்னைக் காவல் காக்கும் அம்மாவின் சுகத்தையும் அறிய ஆவல்.

நீ படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அதை உன் அம்மா விரிவாக்கி, போன் கூடாது, கணினி கூடாது, விவசாயிகள் சங்கத்தின் பேச்சே வீட்டுக்குள் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன். நேற்று என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை உமர் ஃபாரூக் இன்று கீழே இறங்குகிறார். அவர் கொண்டுவரும் புளிப் பையின் அடியில் இது இருக்கும். புளி அம்மாவுக்கு, கடிதம் உனக்கு. மாற்றிக் கொடுத்துவிட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புகிறேன்.

முதலில் ஒன்று. கவலைப்படும்படி எதுவும் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. இந்த ஈரம் காய்வதற்குள் சாமை விதைத்தாக வேண்டும். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஊர்க்காரர்களின் பெயர்கள், உறுப்பினர் ஏடான உன் டைரக்டரி சர்வரில் ஏறினால்தான் விதைக் கிடங்கில் சின்னராசு பெயரைத் தட்டிச் சீட்டு எடுக்க முடியும். சீட்டு இருந்தால்தான் விதை. நானூற்றுச் சொச்சம் பேரை ஒவ்வொருவராகத் திரையில் ஏற்றினால் அடுத்த மழை வந்துவிடும் என்பதால், மொத்தமாக ஏற்றும் வழியை உன் நோட்டில் தேடினேன். முதலில் இருப்பதை வேறு கோப்பில் எழுதி வை, சர்வரை நிறுத்து, கறுப்புத் திரையில் இந்தக் கட்டளையைக் கொடு, மறுபடி தொடங்கு. நான்கே வரி. தோல் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் டிஸ்பாட்ச் பார்த்தவன் நான். புதன்கிழமை காலை ஒரு எழுத்து பிசகாமல் அடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மேலாளர் பிரியதர்ஷினி தன் மேசையில் கணினிக்குள் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள், சின்னராசுவாலும் போக முடியவில்லை, என்னாலும் போக முடியவில்லை. இப்படி ஏற்றுவது இருப்பதோடு சேர்ப்பதல்ல, இருப்பதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது என்று நீ அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை. புதிய ஊர்களை உள்ளே விட்டுவிட்டுப் பழைய சங்கத்தையே வெளியே நிறுத்திவிட்டேன். நல்லவேளையாக முதல் வரியை ஒழுங்காகச் செய்திருந்தேன். இரண்டு கோப்பையும் சேர்த்து வியாழக்கிழமை மறுபடி ஏற்றியதும் பழைய ஆட்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். பிரியதர்ஷினி மட்டும் அன்று முழுவதும் என்னை அங்கிள் என்று கூப்பிடாமல் சார் என்று கூப்பிட்டாள்.

பெரிய தப்பு அதுவல்ல. புதிய ஊர்களின் நானூற்றுப் பன்னிரண்டு பேரில் முப்பத்தெட்டுப் பேர் ஏறவே இல்லை. ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக, இவருக்கு மேலே இருக்க வேண்டிய பதிவு இல்லை, அதனால் விட்டுவிட்டேன் என்று சர்வர் எழுதி வைத்திருந்தது. பட்டியலை இரவல் கண்ணாடியோடு மூன்று தடவை படித்த பிறகுதான் புரிந்தது. நீ இதை மரம் மாதிரி கட்டியிருக்கிறாய்: ஊருக்குக் கீழே வீடு, வீட்டுக்குக் கீழே ஆட்கள். வீடு என்பது குடும்பத் தலைவர் பெயரில். ஏற்றுவதற்கு முன் பட்டியலைச் சரிபார்த்தபோது, இறந்துபோன பத்தொன்பது தலைவர்களின் பெயர்களை நான்தான் எடுத்துவிட்டேன். மௌத்தானவர்களை விதை வரிசையில் நிறுத்துவது முறையாகத் தோன்றவில்லை, ஷாஹீன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். அவர்கள் போனதும் அவர்களுக்குக் கீழே இருந்த மனைவி மக்கள் எல்லோரும் சர்வரின் கணக்கில் வீடில்லாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

நேற்று மதியம் சாந்தம்மாள் வந்தார். அந்த முப்பத்தெட்டில் ஒருவர். ஒன்றரை ஏக்கர் சாமைக்காடு, கணவர் வெள்ளையன் போய் இரண்டு வருடம். கதவோரம் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தார்.

"இன்னா பாய், என்ன மட்டும் சேக்கமாட்டேன்னுதாமே அது?"

உங்களை மட்டுமல்ல, இன்னும் முப்பத்தேழு பேரை என்றேன். அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. இரண்டு வழி இருப்பதைச் சொன்னேன். அவரையே வீட்டுத் தலைவியாக்கி எல்லா வரிகளையும் மாற்றலாம், அதற்கு நாளாகும். இல்லையென்றால் கணவர் பெயரைப் பழையபடி மேலே வைக்கலாம், அது இப்போதே முடியும். இறந்தவர் பெயரை வைப்பதில் மனசுக்குச் சங்கடம் உண்டா என்று கேட்டேன்.

"அவரு வெளிய நிக்க, நா மட்டும் உள்ள போனா எனுக்கு ஒப்பாதுங்க. போடுங்க" என்றார்.

பத்தொன்பது பேரையும் அவரவர் இடத்தில் வைத்து, மூன்றாவது தடவையாகச் சர்வரை நிறுத்தி, ஏற்றி, தொடங்கினேன். ஒருவர்கூட விடுபடவில்லை. சாந்தம்மாள் இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். எங்கே தெரிகிறது என்று கேட்டார். சின்னராசு திரையில் விரல் வைத்து, இது வெள்ளையன், அவருக்குக் கீழே நீ, உனக்கு அடுத்து உன் மகள் செவ்வந்தி என்று காட்டினான். குனிந்து பார்த்துவிட்டு, "நெல வாசல்ல குனிஞ்சி வர்ற ஆளு, இம்மாஞ்சின்னதா கீறாரு" என்று சிரித்தார். அப்படியே கிளம்பியும் விட்டார். விதைச் சீட்டை மறந்துவிட்டாரே என்று நான்தான் பஸ் நிறுத்தம் வரை ஓடிப்போய்க் கையில் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஆகவே ஈரம் காய்வதற்குள் வேலை முடிந்தது. நீ எனக்காக ஒன்று மட்டும் செய். குழந்தை பிறந்து நாற்பது நாள் கழிந்து, அம்மா அனுமதித்த பிறகு, அந்த மரத்தை மாற்றி வை. வீடு உயிரோடு இருக்கும் பெண்கள் பெயரில் இருக்கட்டும், இறந்தவர்களை எடுத்துவிடலாம். கணினிக்கு அதுதான் சுத்தம். அதுவரை எதையும் யோசிக்காதே, இடதுபக்கமாகவே படு, பேரீச்சம்பழம் சாப்பிடு. உன்னையும் உன் பிள்ளையையும் ரப்பு நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரித்துத் தரட்டும். உன் அம்மா கனீஸ் ஃபாத்திமாவுக்கு என் ஸலாம், அவளுக்கே தெரியாமல்.

உன் அப்பா,
அப்துல் கய்யூம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது சின்னராசு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். முப்பத்தெட்டுப் பேருக்கும் புதன்கிழமை சாயங்காலமே விதை கொடுத்துவிட்டானாம், நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு. எல்லோரும் அவனுக்கு முகம் தெரிந்தவர்கள். பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சோறுகூட துன்னாம ஒக்காந்துனு இருந்தீங்க பாய், எப்டி சொல்றது" என்கிறான். நான் ஏற்றி முடிப்பதற்கு ஒரு நாள் முன்பே சாந்தம்மாள் விதைத்துவிட்டாராம். அப்படியானால் நேற்று எதற்கு வந்து அவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்டேன். "அவ வூட்டுக்காரரு பேர அழிச்சிட்டாங்க, பாய் மறுபடி ஏத்தப்போறாருன்னு சொன்னேங்க. பாக்கணும்னு வந்துச்சி."

மேலே நான் கேட்டதைச் செய்யாதே. பெண்களைத் தலைவிகளாக்கு, ஆனால் அந்தப் பத்தொன்பது பெயர்களும் எங்காவது இருக்கட்டும். இப்போது வாசலில் இன்னும் ஆறு பெண்கள் வந்து நிற்கிறார்கள். யாருக்கும் விதை வேண்டாமாம். இத்துடன் நிறுத்துகிறேன், அவர்களுக்குக் காட்ட வேண்டும்.