காவு கேட்ட டயர்

செஞ்சியில் அந்த வருஷம் இரண்டே இடத்தில்தான் கூட்டம். ஒன்று ரேஷன் கடை. அங்கே அரிசி வந்தால்தான் கூட்டம். மற்றொன்று சக்கரச் சாமியார் கொட்டகை. அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும் கூட்டம்.

திருவண்ணாமலை ரோட்டில், கோட்டை மதிலுக்கு எதிரே, புளியமரத்தடியில் கீற்றுக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் லாரி, ஜீப், புல்லட் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். மனிதனுக்கு ஜாதகம் பார்க்கத் தெருவுக்கு நாலு பேர் உண்டு. டயருக்கு ஜாதகம் பார்க்க இவர் ஒருவர்தான். டயரைத் தடவுவார். காதை வைத்துக் கேட்பார். எத்தனை மைல் ஓடும், எந்த மைல்கல்லில் வெடிக்கும் என்று சொல்வார். சொன்ன இடத்தில் வெடித்தால் சாமி வாக்குப் பலித்தது. வெடிக்காவிட்டால் சாமி காப்பாற்றினார். எப்படி விழுந்தாலும் சாமி மீசையில் மண் ஒட்டாது.

புது வண்டி எடுத்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம். சாமியார் அதை ஒரு படி மேலே கொண்டுபோயிருந்தார். பழத்தை டயர் மேலேயே வைத்துக் கத்தியால் அறுப்பார். சாறு வெளுப்பாக வந்தால் சாந்தமான டயர், ஓட்டிக்கொள்ளலாம். சிவப்பாக வந்தால் தொலைந்தது. டயர் காவு கேட்கிறது! அதைக் கொட்டகையிலேயே விட்டுவிட வேண்டும். சாமியார் அதை ராஜகிரி மலைக்குப் பின்னால் கொண்டுபோய் மந்திரம் சொல்லி எரித்துவிடுவார். அடுத்த ஞாயிறு மஞ்சள் துணி சுற்றிய அமிர்த டயர் ஒன்றைத் தட்சணை வாங்கிக்கொண்டு தருவார். நாற்பதாயிரம் மைல் உத்தரவாதம். டயர் செய்கிற கம்பெனிக்காரனே பத்தாயிரத்துக்கு மேல் வாயைத் திறக்க மாட்டான்.

ஆதிலட்சுமியின் புருஷன் பூவராகவன் பேப்பர் ஏஜெண்டு. தினமும் விடியலில் திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் வரும் பேப்பர் கட்டுகளைப் புல்லட்டின் பின்னால் ஏற்றிவந்து ஊருக்கெல்லாம் போடுகிறவன். ஊருக்கே செய்தி சுமக்கிறவன் ஒரு நாளும் ஒரு வரி படித்ததில்லை. அதெல்லாம் ஆதிலட்சுமியின் வேலை. கட்டைப் பிரித்து மடிக்கும்போதே தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரை ஒன்று விடமாட்டாள்.

புல்லட்டின் பின் டயர் மொட்டைத் தலையாகி மாதக்கணக்காகிவிட்டது. போன மாதம் தீவனூர் வளைவில் ஜல்லியில் சறுக்கி, பேப்பர் ஒரு பக்கம், பூவராகவன் ஒரு பக்கம். முழங்கை பிய்ந்ததோடு போயிற்று. அன்றைக்கே ஆதிலட்சுமி கையிலிருந்த வளையலைக் கழற்றி விற்று, பட்டணத்துக்குச் சொல்லி அனுப்பி, ஒரு புது டயர் வரவழைத்தாள். புது டயர் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது.

மெக்கானிக் கலியபெருமாள் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பின் டயருதாண்ணே சீக்கிரம் தேயும். இஞ்சினு இழுக்கிற இழுப்பு, கட்டு பாரம், எல்லாம் அது மேலதான். இது பள்ளம் ஆழமா இருக்குது, ரப்பரும் கெட்டி. வாரத்துக்கு ஒருக்கா காத்து பாருங்க, சும்மா சும்மா பிரேக்க அழுத்தாதீங்க. நல்லா உழைக்கும்."

"மாட்றதுக்கு முன்னால சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றான் பூவராகவன்.

ஆதிலட்சுமி இடுப்பில் கை வைத்தாள். "ஏங்க, ரெண்டு மாசத்துல முப்பது டயரு எரிச்சாராமே அந்தச் சாமி. ஒரு நாளாவது நாத்தம் வந்துதா? தெருவுல ஒரு சைக்கிள் டயர கொளுத்தினாலே மூணு தெரு மூக்கப் பொத்திக்கினு ஓடுது."

"மந்திரம் சொல்லி எரிச்சா நாத்தம் வராதுடி."

இதற்கு மேல் என்ன பேச? ஆதிலட்சுமி பழைய பேப்பரில் ஒரு துண்டு கிழித்தாள். வண்டிப் பெட்டியிலிருந்த பஞ்சர் பசையைத் தடவி, டயரின் உள்வயிற்றில் ஒட்டினாள். பிறகு நல்ல பிள்ளையாகக் கூடவே கிளம்பினாள்.

வரிசையில் நின்றவள் கண் சும்மா இருக்கவில்லை. விரிசல் விட்ட லாரி டயருக்கு வெளுத்த சாறு. நாலு ஒட்டுப் போட்ட ஜீப் டயருக்கு வெளுத்த சாறு. மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி அரிகிருஷ்ணன் கொண்டுவந்த புத்தம்புது புல்லட் டயருக்கு மட்டும் செக்கச் செவேல் என்று ரத்தம்! இந்த ஊரில் கிழட்டு டயரெல்லாம் சைவம், புது டயரெல்லாம் அசைவம் போலிருக்கிறது. சாமியாரிடம் கத்தியும் இரண்டு இருந்தது. ஒன்று மரப்பிடி, ஒன்று பித்தளைப்பிடி.

பூவராகவன் முறை வந்தது. சாமியார் புது டயரைத் தடவினார். கண் மின்னியது. பித்தளைப்பிடியை எடுத்தார். பழம் இரண்டானது. சிவப்பு வழிந்தது.

"அம்மா! இது உன் தாலியக் கேக்குதும்மா!"

கூட்டம் "ஐயோ" என்றது. எல்லாம் தெரிந்தும் ஆதிலட்சுமியின் கையே ஒரு கணம் தாலியைத் தொட்டுப் பார்த்தது. பயத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த ஒரு கணம் போதும். பூவராகவன் கும்பிட்டு டயரை விட்டுவிட்டு வந்தான்.

அடுத்த ஞாயிறு, மாட்டித் தரவேண்டும் என்று சொல்லிக் கலியபெருமாளையும் அழைத்துக்கொண்டு போனாள். பூவராகவனுக்கு ஒரு மஞ்சள் மூட்டை, அரிகிருஷ்ணனுக்கு ஒரு மஞ்சள் மூட்டை. வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும், நடுவில் பிரித்தால் அமிர்தம் ஆவியாகிவிடும் என்றார் சாமியார். ஆதிலட்சுமி அங்கேயே பிரித்து, டயருக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு சுற்று துழாவினாள். வெறும் ரப்பர்தான்.

கூட்டம் சிரித்தது. பூவராகவன் பல்லைக் கடித்தான். "மானத்த வாங்காதடி, வா."

ஆதிலட்சுமி முகம் சுண்டிவிட்டது. ஆனால் கலியபெருமாள் மண்ணெண்ணெய்த் துணியால் அந்த டயரை ஒரு தேய் தேய்த்தான். துணி கறுத்தது, டயர் வெளுத்தது. "இன்னாண்ணே இது? மொட்ட டயர கத்தியால கீறி பள்ளம் போட்டு மை பூசியிருக்குது! பாருங்க, நூலு தெரியுது. இத மாட்டிக்கினு போனா தீவனூரு வளைவுல உங்கள கூடையிலதான் அள்ளிக்கினு வரணும்."

பூவராகவன் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டான். அரிகிருஷ்ணன் பதறிப்போய்த் தன் மூட்டையைப் பிரித்தார். பளபளவென்று புது டயர். பணக்காரருக்கு அமிர்தம் கொஞ்சம் கெட்டியாகவே கொடுத்திருந்தார் சாமியார். "எனக்கு நல்லதாத்தானே இருக்குது!"

"உள்ள கைய வுட்டுப் பாருங்க" என்றாள் ஆதிலட்சுமி.

விட்டார். ஒரு காகிதத் துண்டு உரிந்து வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "காணவில்லை. திண்டிவனம் ரயில்வே ஸ்டேஷனில் மூங்கில் பிடி போட்ட குடை ஒன்று..."

"அது நான் ஒட்டினதுங்க. போன ஞாயித்துக்கிழம என் தாலியக் கேட்ட டயரு அது. இந்த ஞாயித்துக்கிழம உங்களுக்கு அமிர்தமாயிடுச்சி."

சாமியார் சமாளித்தார். "தோஷத்த எரிச்சிட்டேன். டயரு சுத்தமாயிடுச்சி."

"அப்ப எங்க டயர எங்ககிட்டதானே குடுக்கணும்? அரிகிருஷ்ணன் ஐயாவோட புது டயரு எந்த ஊர்ல அமிர்தமா ஓடிக்கினு இருக்குது சாமி?"

சாமியார் கண் பஸ் வரும் ரோட்டுப் பக்கம் போயிற்று. கலியபெருமாள் மரப்பிடிக் கத்தியால் ஒரு எலுமிச்சையைத் தன் செருப்பின் மேல் வைத்து அறுத்தான். வெளுத்த சாறு. அடுத்ததைப் பித்தளைப்பிடியால் அறுத்தான். ரத்தம்! அலகை முகர்ந்தான். "செம்பருத்திச் சாறு. தடவிக் காய வெச்சிருக்கான். புளிப்பு பட்டா செவக்குது. என் செருப்பும் காவு கேக்குதுடோய்!"

அரிகிருஷ்ணன் தன் செருப்பைக் கழற்றினார், அது அறுத்துப் பார்ப்பதற்கு அல்ல. அதற்குள் திருவண்ணாமலை பஸ் வந்தது. சாமியார் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடித் தொற்றினார். பஸ்ஸின் ஆறு டயரில் ஒன்றுக்காவது எலுமிச்சை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானமே, அரிகிருஷ்ணன் திருப்பிக் கொடுத்த டயரைக் கலியபெருமாள் புல்லட்டில் மாட்டினான். ஆதிலட்சுமி அந்தக் காகிதத் துண்டைப் புருஷன் கையில் கொடுத்து, "படிங்க" என்றாள். பூவராகவன் எழுத்துக் கூட்டிக் கடைசி வரைக்கும் படித்தான்.

"கொட கெடச்சிதாமா?"

"தெரியல."

பூவராகவன் குனிந்து டயரை ஒரு தடவு தடவினான். "ஆதி, இது எத்தன மைலு ஓடும்?"

"காத்து சரியா வெச்சா பத்தாயிரம் ஓடும். அப்பறம் தேயும், மாத்திக்கலாம். டயரு ஓட ஓடத்தான் தேயும். மூள ஓடாம கெடந்தாத்தான் தேயும். மொதல்ல அத ஓட்டுங்க."