பாதி உரித்த ஆரஞ்சு

என் வீட்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்தியையாவது ஏற்றியே தீருவது என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபதம் செய்தேன். டம்ளர் என்று நினைத்துத் தட்டில் தண்ணீரை ஊற்றிய நொடியில் செய்த சபதம் அது.

கரண்ட் போயிருந்தது. ஏழரை மணி, சாப்பிட உட்கார்ந்த நேரம். அலமாரியில், ஜன்னல் ஓரத்தில், டிவிக்குப் பக்கத்தில் என்று எங்களைச் சுற்றிப் பதினேழு மெழுகுவர்த்திகள். நாங்கள் சாப்பிட்டதோ செல்போன் வெளிச்சத்தில். அதுவும் என் போன். அதில் பன்னிரண்டு சதவீதம் உயிர்தான் பாக்கி.

"ஏம்மா, ஒண்ணே ஒண்ணு ஏத்துவோமே. அந்தச் சங்கு மாதிரி இருக்கறது?"

"அது அழகுக்கு வச்சது."

"நூல்கண்டு மாதிரி இருக்கே, அது?"

"அதுவும் அழகுக்குத்தான்."

"அழகில்லாதது எதுவுமே இந்த வீட்டுல இல்லையா?"

இருட்டாக இருந்தாலும் அவள் பார்வை எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரிந்தது. போனும் அணைந்தது.

என் தொழிலைச் சொன்னால் என் வேதனை உங்களுக்குப் புரியும். நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு கட்டிடங்களில் காலையிலிருந்து மாலை வரை மனிதர்கள் ஏறுவதும் இறங்குவதும் என் கையில். ஊரையே ஏற்றுகிறவன். சொந்த வீட்டில் ஒரு திரியை ஏற்ற வக்கில்லை.

என் மனைவி ஒரு ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் தலைமைச் சமையல்காரி. விடிவதற்கு முன் கிளம்பினால் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். நான் வர ஆறு ஆகிவிடும். இருநூற்றைம்பது பேருக்கு உப்பில்லாமலும் எண்ணெயில்லாமலும் சமைத்துவிட்டு வருகிறவளுக்கு, நகை வேண்டாம், புடவை வேண்டாம், அலங்கார மெழுகுவர்த்தி மட்டும் வேண்டும். அதற்கும் இரண்டு நிபந்தனை. வேறு யார் வீட்டிலும் அந்த மாதிரி இருக்கக் கூடாது. விலை நம் கைக்கு எட்ட வேண்டும்.

இந்த இரண்டும் ஒரே கடையில் சந்தித்துக்கொண்டதே இல்லை. மெழுகுவர்த்திக்கு ஒரு திரி. அதற்காக எனக்கு வாராவாரம் கடை கடையாகத் திரி என்று ஒரு கட்டளை. விலை குறைவாக இருந்தால், "இது டாக்டரம்மா வீட்டுல ரெண்டு இருக்கு" என்பாள். தனித்துவமாக இருந்தால், விலைச் சீட்டைப் பார்த்ததும் மெழுகுக்கு முன்னால் நான் உருகிவிடுவேன்.

"இது முழுக்கக் கையால செஞ்சது சார்" என்பார் கடைக்காரர்.

"விலையைப் பாத்தா காலாலயும் சேத்துச் செஞ்சிருப்பாங்க போல இருக்கே" என்பேன் நான்.

"வாங்க போகலாம்" என்பாள் அவள், கடைக்காரரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு.

இப்படிச் சேர்ந்த பதினேழில் அவளுக்கு உயிர், பாதி உரித்த ஆரஞ்சு ஒன்று. தோல் ஒரு பக்கம் சுருண்டு தொங்கும். உள்ளே சுளை சுளையாக, சுளைமேல் வெள்ளை நார்கூட இருக்கும். ஒரு நாள் அவள் தனியாகப் போய் எங்கோ வாங்கி வந்தது. மூன்று வருடமாக ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் மெல்லிய பிரஷ்ஷால் எல்லாவற்றுக்கும் தூசி தட்டுவது என் பொறுப்பு. கையில் தூக்கக் கூடாது, ரேகை பதியும்.

சபதத்தை நிறைவேற்ற ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அன்று அவளுக்கு வேலை உண்டு, எனக்கு இல்லை. பத்து மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ஆரஞ்சை மேஜைமேல் வைத்தேன். ஏன் ஆரஞ்சு என்று கேட்டால், மீறுவது என்று முடிவு செய்த பிறகு சின்னதாக மீறுவானேன்? நடுவில் திரியைச் சுற்றி ஒரு குழி இருந்தது. செய்தவரின் கற்பனை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஏற்றினேன். சுளைகளுக்குள்ளே வெளிச்சம் ஊறிக்கொண்டு வந்தது. அறை முழுக்க ஆரஞ்சு வாசனை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த இரண்டு நிமிடம் நான் எதையும் நினைக்கவில்லை.

மூன்றாவது நிமிடம் போன் அடித்தது. ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். என்னோடு வேலை பார்ப்பவர் போய்ச் சேரும்வரை வக்கீலைப் போனிலேயே சமாதானப்படுத்த வேண்டும். பேச்சுக் கொடுக்க என்னை விட்டால் ஆளில்லை என்று எங்கள் ஆபீசில் எனக்கு ஒரு பெயர். சிக்னலுக்காகப் பால்கனிக்குப் போனேன். வக்கீல் உள்ளே நின்றபடியே என்மேல் மூன்று வழக்குப் போட்டார். நான் என் இருபத்திரண்டு வருட அனுபவத்தை முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். கதவு திறந்ததும் அவர் வெளியே ஓடியதாகக் கேள்வி. லிஃப்டுக்குப் பயந்தா என் கதைக்குப் பயந்தா என்று தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். மின்விசிறிக் காற்றில் ஒரு பக்கமாகவே எரிந்து, ஆரஞ்சு ஆம்லெட் ஆகியிருந்தது.

கத்தியால் சுரண்டினேன். அடிப்பகுதி மட்டும் முழுசாக வந்தது. அதில் பொடி எழுத்தில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருந்தது. மூன்று வருடமாக மேலே மட்டும் தட்டியவன் அடியைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

போன் செய்தேன். ஒரு பெண் குரல், சலவைக் கடைக்குப் பின்னால் உள்ள சந்துக்கு வரச் சொன்னது.

ஒற்றை அறை. அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம், அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் மெழுகு. அச்சுகளின் குறுக்கே பென்சில் வைத்து, அதில் திரியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முன்பு பல்செட் செய்கிற இடத்தில் வேலையாம்.

"பல்லுக்கு அச்செடுத்த கை சார். பழத்துக்கு எடுக்கறது பெரிய விஷயமா? பழம் வாயை மூடிக்கிட்டு இருக்கும். பல்லுக்காரங்க பேசிக்கிட்டே இருப்பாங்க."

"பாதி உரிச்ச ஆரஞ்சு ஒண்ணு அவசரமா வேணும்மா. ரெண்டு மணிக்குள்ள."

"ஒண்ணுதான் இருக்கு. வேற ஒரு அம்மாவுக்குன்னு எடுத்து வச்சது." யோசித்தார். "சரி, எடுத்துக்கோங்க. அவங்க நாளைக்குத்தான் வருவாங்க. அதுக்குள்ள வேற ஊத்திடறேன். வாரம் தவறாம வர்றவங்க, அவங்கள ஏமாத்த முடியாது."

"வாராவாரம் ஆரஞ்சேவா?"

"மூணு வருஷமா. ஆஸ்பத்திரி சமையல்ல இருக்காங்க."

"எதுக்காம், இத்தனை?" என்றேன்.

"வேலை முடிச்சு வீட்டுக்கு வந்ததும் இதை ஏத்தி வச்சிட்டு அரை மணி நேரம் காலை நீட்டி உக்காருவாங்களாம். ஒரு வாரத்துல தீந்துடும். அப்புறம் அதே மாதிரி இன்னொண்ணு. அச்சுல ஒரு கோடு மாறக் கூடாதும்பாங்க. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிடுமாம்."

"தெரிஞ்சா என்னவாம்?"

"நல்ல மனுஷன்தானாம் சார். ஆனா பேச ஆரம்பிச்சா லிஃப்ட்டு மாதிரி மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருப்பாராம். எந்த மாடியிலயும் நிக்க மாட்டாராம்."

"அவர் என்ன வேலை பாக்கறாராம்?"

"அத நான் கேக்கல சார்."

அவர் சொன்ன விலை ஒரு வேளைச் சாப்பாட்டைவிடக் குறைவு. கடைகளில் மிச்சமாகும் மெழுகுத் துண்டுகளை வாங்கிச் செய்வதால் கட்டுப்படியாகிறதாம். காகிதத்தில் சுற்றி நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"உங்க வீட்டம்மாவும் ஏத்துவாங்களா சார்?"

"சேச்சே. எங்க வீட்டுல ஏத்தவே மாட்டாங்கம்மா. அழகுக்குத்தான்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. நூற்றைம்பது ஆரஞ்சு! என் மூக்குக்கு நேரே எரிந்திருக்கிறது. வாசனை வந்தபோதெல்லாம், "என்ன, தரை துடைச்சியா?" என்று கேட்டிருக்கிறேன். அவளும் தரையைக் காட்டி, "ஆமாங்க" என்றிருக்கிறாள்.

இரண்டு பஸ் போனது. கோபம் போகிற இடம் தெரியாமல் மெல்லப் போயிற்று.

அவளுடைய நாளை முதல் முறையாக நினைத்துப் பார்த்தேன். அவள் செய்கிற எதுவும் மத்தியானத்தைத் தாண்டி இருப்பதில்லை. மிச்சம் வந்தால் நோயாளிக்குப் பிடிக்கவில்லை என்று ஏச்சு. வராவிட்டால் போதவில்லை என்று ஏச்சு. இரண்டு மணிக்கு வருகிறாள். ஆறு மணிக்கு நான் வந்துவிடுகிறேன். செருப்பைக் கழற்றும்போதே கதையை ஆரம்பித்துவிடுகிறேன்: எந்த மாடியில் எது சிக்கியது, யார் கத்தினார்கள், நான் என்ன சொன்னேன். அவள் ஒரு முறையாவது தன் நாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாளா? சொல்ல நான் எங்கே இடைவெளி விட்டேன்?

சரி, தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆரஞ்சை அதன் இடத்தில் வைத்துவிட வேண்டியது. அவளுடைய அரை மணி நேரம் அவளுக்கு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவளுக்குத் தருகிற முதல் நல்ல பரிசு. வாயைத் திறக்காததால் அதற்குச் செலவும் இல்லை. என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

இரண்டு மணிக்கு வந்தாள். பையை வைத்தாள். ஜன்னல் பக்கம் போனாள். நான் பேப்பருக்குள் இருந்தேன்.

"ஏங்க."

"ம்?"

"ஆரஞ்சு புதுசா இருக்கே."

"மூணு வருஷத்து ஆரஞ்சு எப்படிம்மா புதுசாகும்?"

"பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க."

நேராக்கினேன். நேராக்கியதும்தான் தலைகீழானது. முதலில் நேராகத்தான் பிடித்திருந்தேன்.

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். "இந்த வாரம் நாலு நாள் எரிச்சிருந்தேன். திரி கருகிப்போய் நடுவுல குழி விழுந்திருந்துச்சு. இப்போ வெள்ளைத் திரி. நீங்கதான் ஏத்தி உருக்கிட்டீங்க. அந்தச் சந்துக்குப் போயி வேற வாங்கிட்டு வந்திருக்கீங்க. பேப்பரைச் சுத்தி அந்தம்மாதான் இப்படி முடிச்சுப் போடுவாங்க." குப்பைக் கூடையிலிருந்து நூலை எடுத்துக் காட்டினாள்.

எனக்கும் ரோஷம் உண்டு. "நான் ஒரு நாள் எரிச்சேன். நீ மூணு வருஷமா எரிக்கற! கரண்ட் போனப்பகூட ஒண்ணு ஏத்த விடல!"

"விட்டா, ஏத்தலாம்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா?"

"மொதல்ல ஒண்ணு வாங்கிட்டு வந்து ஏத்தினேனே, அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை.

"'காசு உருகுது பாரு'ன்னீங்க. அரை மணி நேரத்துல நாலு தடவை. அன்னைக்கே இது சரிப்படாதுன்னு விட்டுட்டேன்." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சனிக்கிழமை சனிக்கிழமை தூசி தட்டறீங்களே, திரி கருப்பா இருக்கறத ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. கருப்புத் திரி, வெள்ளைத் திரி, குழி, மேடு எல்லாம் மாறி மாறி வந்திருக்கிறது. நான் லிஃப்ட் கதை சொல்லிக்கொண்டே தட்டியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் மட்டும்தான்.

பேப்பரை மடித்து வைத்தேன்.

"இனிமே நானும் உக்காரலாமா?" என்றேன். "ஞாயித்துக்கிழமை மட்டும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காசைப் பத்திப் பேசக் கூடாது."

"மாட்டேன்."

"லிஃப்ட்டு?"

"நின்னுபோச்சுன்னு வச்சுக்கோ."

அவளே தீக்குச்சி கிழித்தாள். புது ஆரஞ்சு சுளைக்குள்ளே மெல்ல வெளிச்சம் பிடித்தது. அவள் காலை நீட்டிக்கொண்டாள். நானும் நீட்டிக்கொண்டேன். அவள் குதிகாலில் வெடிப்பு இருந்தது. அதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம். அவள் முகம் ஒவ்வொரு சுருக்கமாகத் தளர்ந்துகொண்டு வந்தது. கல்யாணமான புதிதில் இருந்த முகம் என்று சொல்ல மாட்டேன். இது இன்னும் நல்ல முகம். ஐந்து நிமிடம். ஆறு நிமிடம். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது பல் பிடுங்கியபோதுதான். நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை அவளிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

"இப்படிப் பேசாம உக்காந்திருக்கறது எவ்வளவு நல்லா இருக்கு, இல்ல?" என்றேன்.

அவள் குனிந்து ஃபூ என்று ஊதினாள்.

"அவ்வளவுதான், எந்திரிங்க. மிச்சத்தை நாளைக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடி உக்காந்துக்கறேன்."